மைசூன் காரில் குளிர் வரவில்லை

காதல் கதை என்றால் மழை வேண்டும் என்பார்கள். ஜூலை மாதத்து பஸ்ராவில் மழைக்கு எங்கே போவது? மூன்று நாள் அடித்த புழுதி அன்றுதான் ஓய்ந்திருந்தது. ஓய்ந்த கையோடு ஷர்ஜி தொடங்கிவிட்டது... கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று. அது வந்தால் சுவர் வியர்க்கும், ஜன்னல் கண்ணாடி வியர்க்கும். மனிதர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் புழுக்கத்தில், காலை பத்து மணிக்கு, வீட்டு வாசலில் காரின் முன்மூடியைத் தூக்கிவைத்துக்கொண்டு குனிந்து நின்றாள் மைசூன். கையில் ஒரு கேஸ் டப்பா. அதிலிருந்து ஒரு குழாய் என்ஜினுக்குள் போனது. குழாயின் நடுவே ஒரு சின்ன மீட்டர். இது மூன்றாவது டப்பா. காருக்குள் ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரொட்டி அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்றுதான் வந்தது.

'இன்னும் கொஞ்சம் போனா சரியாயிடும்...' டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாள்.

"ஐயோ, கவுக்காதீங்க! கவுக்காதீங்க!"

தெருவில் நின்ற ஐஸ் லாரியிலிருந்து ஒருவன் குதித்து ஓடி வந்தான். தோளில் ஈரச் சாக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். சதுப்பு நிலத்து எருமைக்கன்றுக்கு இருப்பது போன்ற பெரிய, ஈரமான கண்கள்... அந்தக் கண்களை அவள் கவனிக்கவில்லை என்றுதான் பின்னால் சாதித்தாள்.

"நிமித்துங்க. வால்வை மூடுங்க. கேஸ் தண்ணியா உள்ள போனா கம்ப்ரஸர் செத்துடும்."

"நீங்க யாரு?"

"சாசிப். ஐஸ்காரன்."

"அது லாரியைப் பாத்தாலே தெரியுது. ஐஸ் விக்கிறவருக்குக் கார்ல என்ன வேலை?"

"காலையிலதான் விக்கிறது. மத்த நேரம் ஐஸ் ஃபேக்டரியில மெஷின் பாக்குறேன். குளிர் எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு கொஞ்சம் தெரியும்."

"எனக்கும் தெரியும். சூடா வந்தா கேஸ் கம்மி. தெருவுல பச்சப்புள்ளயக் கேட்டாலும் சொல்லும்."

"முள் எங்க நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"...கணக்கு டீச்சர்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை. சிரிப்பை விழுங்கினான்... அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"டீச்சர், குழம்பை ருசி பாக்காமலே உப்பு கம்மின்னு மூணு கை அள்ளிப் போட்டா என்ன ஆகும்? அதான் ஆயிருக்கு. கேஸ் கூடிப்போச்சு. கம்ப்ரஸர் மூச்சு முட்டி நின்னுடுச்சு."

"நான் உங்ககிட்ட கேட்டேனா?"

"இல்ல."

"அப்ப உங்க ஐஸ் உருகுது... போங்க."

அவன் லாரிக்குத் திரும்பினான். அங்கே பாத்திரத்தோடு நின்றவர்களிடம் வாய் நிறையக் கூவினான். "எவ்வளவு வேணும் கண்ணே? பாத்துப் பிடி கண்ணே, கை வழுக்கும்!" அந்த ஊரில் அது சாதாரணம். ரொட்டிக்காரர் போலீஸ்காரரைக் கண்ணே என்பார், போலீஸ்காரர் அபராதச் சீட்டை நீட்டிக் கண்ணே என்பார். சாசிப் லாரிக்கு அடியில் படுத்திருந்த நாயைக்கூடக் கண்ணே என்றுதான் நகரச் சொன்னான்.

'என்னை மட்டும் சொல்லலியே...' என்று ஏனோ தோன்றியது மைசூனுக்கு. தோன்றியதற்குத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

அப்போது கரண்ட் போனது. வீட்டு ஏசி நின்று அறை சூடேறியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மைசூன்... எங்கடி இருக்க? எல்லாம் மங்குதுடி..."

அம்மா சுவரைத் தடவிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டாள். மைசூன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு நரம்பு நோய். உடம்பு சூடானால் முதலில் பார்வை மங்கும், அப்புறம் கால் துவளும். உடம்பு குளிர்ந்தால் மெல்லத் திரும்பி வரும்.

சாசிப் ஒரு நொடி நின்றான். பிறகு அரைப் பாளம் ஐஸைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்து வாசல்படியில் வைத்தான்.

"பாதத்துக்கு அடியில வையுங்க ஹஜ்ஜியம்மா. மெதுவா... நேரா வைக்காதீங்க, சாக்கோட."

மைசூனைப் பார்க்காமலே போய்விட்டான்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு மருந்து ஏற்ற வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி. நெரிசலில் ஒரு மணி நேரம். போன தடவை ஏசி இல்லாத காரில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அம்மாவை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். "இப்படிச் சூட்டுல கொண்டு வர்றதா இருந்தா கொண்டு வராதீங்கம்மா" என்றார் டாக்டர். மருந்து தவறினால் மங்கிய பார்வை ஒருநாள் திரும்பாமலே போகும் என்றும் சொன்னார். திங்கள் இன்று... இன்னும் மூன்றே நாள்.

ஒர்க் ஷாப்புக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தெருமுனையிலேயே இருக்கிறது பெரிய ஏசி ஒர்க் ஷாப். அது ஃபாலிஹுடையது. மைசூனின் பெரியப்பா மகன்.

நம் பக்கத்தில் முறைமாமனுக்கு இருக்கும் உரிமை அங்கே பெரியப்பா மகனுக்கு. அவன் ஒரு பெண்மேல் நஹ்வா சொல்லிவிட்டால் வேறு எவனும் அவளைக் கட்டக் கூடாது. தடை. சட்டத்தில் அது குற்றம்தான். சட்டம் தெருவுக்குள் வர வேண்டுமே! ஏழு வருஷத்துக்கு முன் மைசூனைப் பெண் பார்க்க வந்த வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஃபாலிஹ் கூரைக்கு மேலே மூன்று குண்டு சுட்டான். வந்தவர்கள் செருப்பைத் தேடவில்லை. அடுத்து வந்தவன் நஹ்வா என்று காதில் விழுந்ததுமே போனை எடுக்காமல் விட்டான். இதற்கு நடுவில் ஃபாலிஹ் வேறொருத்தியைக் கட்டி, மூன்று பிள்ளையும் பெற்றுவிட்டான். தடையை மட்டும் எடுக்கவில்லை. இரண்டாம் தாரமாக வருகிறாயா என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்டனுப்புவான். அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஏசி படுத்ததும் அவனே சொல்லி அனுப்பினான். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. கார் அன்னிக்கே குளிரும்." மற்ற மெக்கானிக்குகளும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஃபாலிஹ் இருக்கும்போது நாங்க உங்க வண்டியைத் தொட்டா நல்லா இருக்காதும்மா."

அதனால்தான் சந்தையில் மூன்று டப்பா வாங்கி, போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, முப்பத்திரண்டு வயதில் மைசூன் மெக்கானிக் ஆனாள்.

மறுநாள் காலை ஐஸ் லாரி அதே இடத்தில் நின்றது. மைசூன் வாசலில் காத்திருந்தாள். ராத்திரி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"நேத்து நான் கேக்கல... இன்னிக்குக் கேக்குறேன்."

சாசிப் திரும்பி நடந்தான். லாரியின் முன்சீட்டிலிருந்து ஒரு பை, இரட்டை மீட்டர், காலி சிலிண்டர், பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிச் செய்த பம்ப்... ஒவ்வொன்றாக இறக்கினான். அவன் கேட்காமலே கொண்டு வந்திருக்கிறான்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்கப்புறம்.

"இந்தக் கேஸை வெளிய விட்டுடலாமே?"

"காத்துல விட்டா பாவம் டீச்சர். பாருங்க ஒரு வித்தை." காலி சிலிண்டரை வாளிக்குள் நிற்கவைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸும் உப்பும் கொட்டினான். குழாயை மாட்டி வால்வைத் திறந்தான். "குளிர்ந்த பக்கம் கேஸ் தானா ஓடி வந்துடும். யாரும் தள்ள வேணாம்."

கார் கேஸ் புஸ்ஸென்று மெல்லிய சத்தத்தோடு சிலிண்டருக்குள் இறங்கியது. சிலிண்டர் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்தது. மைசூன் சின்னப் பிள்ளை மாதிரி விரல் வைத்துப் பார்த்தாள்.

"கேஸ் குறையுதுன்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு இதான். வருஷா வருஷம் நிரப்புவாங்க... ஓட்டை எங்கன்னு ஒருத்தரும் தேட மாட்டாங்க."

உள்ளே மிஞ்சியிருந்த கொஞ்சக் கேஸை வைத்தே தேடினான். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து இணைப்பு இணைப்பாகத் தடவினான். ஒரு மூலையில் குட்டிக் குட்டியாக நுரை பூத்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தது. புதிதாக ஒன்று மாட்டினான். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலையில் புழுதி அப்பிக் கிடந்தது. மைசூன் குழாயைப் பிடித்துப் பின்பக்கமிருந்து கழுவினாள். அவள் காலடியில் பழுப்புத் தண்ணீர் ஓடியது. பிறகு பம்பை ஓடவிட்டு உள்ளிருந்த காற்றை, ஈரத்தை எல்லாம் இழுத்தான். நிறுத்தி வால்வை மூடினான்.

"இப்ப அரைமணி நேரம் முள்ளையே பாக்கணும். அசையலன்னா ஓட்டை இல்ல."

"அரைமணி நேரமா? பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

"பாத்துக்கிட்டே இருக்கணும்."

வாசல்படியில் அம்மா. காருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நடுவில் ஒரு முள். அரைமணி நேரம் ஒரு ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் நிற்க இதைவிட நல்ல காரணம் அந்தத் தெருவில் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

"ஐஸ் ஃபேக்டரியில எப்பவும் குளிரா இருக்குமா?"

"உள்ள குளிர். மெஷின் ரூம்ல ஐம்பத்தெட்டு டிகிரி. நான் மெஷின் ரூம்."

"அப்ப ஊருக்கெல்லாம் குளிரு, உங்களுக்குச் சூடா?"

"நமக்குன்னு எழுதினது அதான்." அவன் நிமிர்ந்தான். அந்தப் பெரிய கண்கள் நேராக அவளைப் பார்த்தன... உடனே முள்ளுக்குத் திரும்பின. "உங்களுக்கு?"

'சொல்லிவிடு' என்றது மனசு. 'சொன்னால் இவனும் போய்விடுவான்' என்றது அதே மனசு. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவள் சொல்லவில்லை.

முள் அசையவில்லை.

முன்மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த கணக்கு அறுநூறு கிராம். சமையலறைத் தராசைக் கொண்டுவந்து கேஸ் இறங்கிய சிலிண்டரை அதன்மேல் நிமிர்த்தி வைத்தார்கள். என்ஜின் ஓட, ஏசி ஓட, சாசிப் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். மைசூன் எடையை உரக்கப் படித்துக் கழித்துக்கொண்டே வந்தாள். "நானூத்தி இருபது... ஐநூத்தி அம்பது... அறுநூறு, போதும்! நிறுத்துங்க!"

"கணக்கு டீச்சர்!" என்றான் அவன், இந்தத் தடவை வாய்விட்டுச் சிரித்து.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சட்டென்று சாத்தினாள் மைசூன். குளிர் ஒரு துளி வெளியே போவதும் அவளுக்குப் பொறுக்காது. பத்து நிமிஷம் போனது. காரின் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சொட்... சொட்... அந்த ஊரில் ஜூலையில் பெய்யும் ஒரே மழை.

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

"மைசூன்... மூக்குல என்னடி கரி?"

மைசூன் கண்ணாடியோரம் ஓடினாள். "யும்மா... தெரியுதா?"

"தெரியுது. அந்தத் தம்பி சட்டை நீலம்தானே? பாக்க நல்லாத்தான் இருக்கான்." கண்ணாடி மறுபடி ஏறிக்கொண்டது.

அவள் அழுதாள். மறைக்கவில்லை. சாசிப் தரையைப் பார்த்துக்கொண்டு கைத்துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. ஃபாலிஹ் இறங்கவில்லை. ஜன்னலை மட்டும் இறக்கினான். குரலில் கோபமே இல்லை.

"ஐஸ்காரரே, கை வலிக்க வேலை பாத்திருக்கீங்க, நல்லா இருங்க. இவமேல என் நஹ்வா இருக்கு. தெரியாம வந்திருப்பீங்க கண்ணே. தெரிஞ்சப்புறம் வர மாட்டீங்க."

சாசிப் மைசூனைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பம்பை எடுத்தான், சிலிண்டரை எடுத்தான், பையை எடுத்தான். லாரியில் ஏறிப் போனான்.

'மூணாவது ஆள்' என்று எண்ணிக்கொண்டாள் கணக்கு டீச்சர்.

வியாழக்கிழமை அம்மா குளிர்ந்த காரில் சாய்ந்து உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன் காலால் இறங்கி நடந்தாள். டாக்டருக்குச் சந்தோஷம். மைசூனுக்குத்தான் எதுவும் இனிக்கவில்லை.

தெருவுக்கு ஐஸ் லாரி வந்தது. ஓட்டிவந்தது வேறு ஆள். ஒரு வாரம்... இரண்டு வாரம்... மூன்று வாரம். கேட்கவில்லை அவள். கேட்பதா? மாட்டாள். பாத்திரத்தை நீட்டி ஐஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"வைக்கோல்போர் நாய்டி அந்த ஃபாலிஹ்" என்று பொருமினாள் அம்மா. "தானும் திங்க மாட்டான், திங்க வர்ற மாட்டையும் விட மாட்டான்."

"மாடு ஒரு குரைப்புக்கே ஓடிடுச்சே யும்மா."

"ஓடிடுச்சா? நீ போய்ப் பாத்தியா?"

மூன்றாவது சனிக்கிழமை அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மைசூன் காரை எடுத்தாள். ஐஸ் ஃபேக்டரி ஊருக்கு வெளியே, வறண்ட பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவில். போய்ச் சேர்ந்தபோது அவள் தலைத்துணி முழுக்க நனைந்து, முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. மெஷின் ரூமிலிருந்து சாசிப்பைக் கூப்பிட்டு விட்டார்கள். அவனும் வியர்வையில் நனைந்து வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"உங்க வேலை ஒழுங்கில்ல" என்றாள். "ஏசி குளிர மாட்டேங்குது."

அவன் பதறிப்போய் மீட்டரை எடுத்து வந்து மாட்டினான். முள் சரியான இடத்தில் நின்றது. நுரை வைத்துப் பார்த்தான். கசிவில்லை. வலை சுத்தம். குழம்பிப்போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தான்.

"டீச்சர்... நீங்க பட்டனே போடலியே."

"தெரியும்."

அவன் கை பட்டன்மேலேயே நின்றது.

"இவ்வளவு தூரம்... இந்த வெயில்ல... ஏசி போடாமலா ஓட்டிட்டு வந்தீங்க?"

"வேற என்ன சொல்லி வர்றது? நீங்கதான் ஓடிட்டீங்களே!" குரல் உடைந்தது. "நஹ்வான்னதும் எல்லாரும் ஓடுவாங்க, பழக்கம்தான். ஆனா அரைமணி நேரம் முள்ளைப் பாத்துக்கிட்டு நின்னவரு... நீங்க ஓட மாட்டீங்கன்னு நெனச்சேன் பாருங்க, அதான் என் தப்பு."

சாசிப் ஏசியைப் போட்டான். அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினான். அவள் உட்கார்ந்தாள். அவன் திறந்த கதவுக்குப் பக்கத்தில், தரையில் குந்தினான்.

"மூணு வெள்ளிக்கிழமை ஃபாலிஹ் வீட்டுக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனேன்" என்றான் மெல்ல. "தடையை எடுக்கச் சொல்லி. காபி ஊத்தினாங்க. கேட்டது கிடைக்கிற வரைக்கும் வந்தவங்க குடிக்கக் கூடாதே... கீழே வச்சோம். ஃபாலிஹ் சொன்னான், 'காபி ஆறட்டும்'னு. மூணு தடவையும் ஆறிப்போச்சு. முதல் தடவை ஏழு பேர் வந்தாங்க. நேத்து ரெண்டே பேர். இந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்க தெருவுக்கு எப்படி வர்றது?"

மைசூனுக்குள்ளே வருஷக்கணக்காகக் கட்டியிருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது.

"அப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது" என்றான். "ஃபாலிஹைக் கேட்டேன், அவங்க அப்பாவைக் கேட்டேன், ஊர்ப் பெரியவங்க எல்லாரையும் கேட்டேன். உங்களைக் கேக்கவே இல்ல."

"ஏழு வருஷமா என்னை யாருமே கேக்கல."

"இப்ப கேக்குறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு...?"

அவள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரையும் கண்ணேங்கிறீங்க. நாயைக்கூட. என்னை மட்டும் ஒரு நாளும் சொல்லல. ஏன்?"

"அவங்ககிட்ட அது சும்மா வாய் வார்த்தை. உங்ககிட்ட சும்மா சொல்ல வரல."

தோப்பில் ஒரு காக்கை கத்தி ஓய்ந்தது. மைசூன் நேராக அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் முள்ளைப் பார்க்கவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை போறப்ப, அத்தனை பேர் நடுவுல சொல்லுங்க. பொண்ணையே கேட்டேன், என்னைக் கட்டிக்கச் சம்மதம்னு சொன்னாங்க... ஃபாலிஹைக் கட்டிக்க செத்தாலும் சம்மதம் இல்லேன்னு சொன்னாங்கன்னு. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

அவன் முகம் வெளுத்தது. "அது உங்களுக்கு ஆபத்து டீச்சர். மறுபடி துப்பாக்கியைத் தூக்குவான். உங்க பெரியப்பா வீடு ஒட்டுமொத்தமா உங்களை வெட்டி விட்டுடும்."

"தெரியும். ஏழு வருஷம் பத்திரமாத்தான் இருந்தேன். என்னத்தைக் கண்டேன்?"

"அப்பவும் அவன் மாட்டேன்னா?"

"காபி ஆறட்டும். அதுக்கடுத்த வெள்ளி மறுபடி ஊத்துவாங்க இல்ல... பெரியவங்க வரலேன்னா நானும் அம்மாவும் உங்க பின்னால வர்றோம்."

சாசிப் குந்திய இடத்திலேயே இருந்தான். வெளியே ஐம்பது டிகிரி. கதவு திறந்தே கிடந்தது. உள்ளிருந்து குளிர் வழிந்து அவன் முகத்தில் பட்டு, தோப்புப் பக்கம் போய், புழுக்கத்தில் கரைந்துகொண்டிருந்தது. காரின் அடியில் சொட்டிய தண்ணீர் அவன் செருப்புவரை வந்துவிட்டது.

"கதவைச் சாத்துங்க டீச்சர்" என்றான் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குளிர் எல்லாம் வெளிய போகுது."

"போகட்டும், கண்ணே" என்றாள் மைசூன்.